ஒரு கையெழுத்து, ஐந்து இரவுகள்

புத்தூர் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் "புத்தூர் கட்டு" தான் நினைவுக்கு வரும். கை முறிந்தவர், கால் எலும்பு பிசகியவர் என்று தினமும் எங்கள் ஊர்ப் பக்கம் வந்து கட்டுப் போட்டுக்கொண்டு போவோர் ஏராளம். நான் அந்த ஊர்க்காரன். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா போகும் ரயில் பாதையில் இருக்கிறது. முன்பு சித்தூர் மாவட்டம். 2022 முதல் திருப்பதி மாவட்டம். 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, அலுவலகத்தில் ஆங்கிலம் என்று வளர்ந்தவன் நான். ஆகவே, அயலில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரின் மனம் எனக்கு ஓரளவு தெரியும். அந்த உரிமையில்தான் நம் சங்க மலருக்கு இதை எழுதுகிறேன்.

ஒரு நாள் காலை ஆறு மணி இருக்கும். போர்ட்லாந்திலிருந்து என் மகள் தொலைபேசியில் அழைத்தாள். அங்கே முந்தின நாள் மாலை.

"அப்பா, பாப்பா ஸ்கூல்ல கையெழுத்து கேக்கறாங்க. ஆறாவது படிக்கிற பிள்ளைங்க எல்லாரையும் காட்டுக்குள்ள ஒரு கேம்புக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். ஆறு நாள், அஞ்சு ராத்திரி. செல்போன் கிடையாது. என்னப்பா செய்யறது?"

"நீ என்ன நினைக்கிறே?" என்றேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "1995லே நீங்க எனக்குச் சொன்னதையே சொல்லிடட்டுமா?"

வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். அப்போது நான் ரயில்வேயில் ஓர் ஊரில் பணியில் இருந்தேன். மகளுக்கு 11 வயது. அவள் பள்ளியில் இரண்டு இரவு இயற்கை முகாம் ஏற்பாடு செய்தார்கள். சம்மதக் கடிதம் வந்தது. நான் யாரையும் எதுவும் விசாரிக்கவில்லை. "பெண் பிள்ளை, காடு, இரண்டு ராத்திரி" என்ற மூன்று சொல்லிலேயே முடிவு செய்து, கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். பிறகு அதைப் பற்றிப் பேசியதே இல்லை. மறந்துவிட்டாள் என்று முப்பது ஆண்டுகளாக நினைத்திருந்தேன்.

"இரண்டு நாள் டைம் கொடும்மா. பள்ளிக்கூடம் கொடுத்த காகிதமெல்லாம் எனக்கு அனுப்பு" என்றேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? படித்தேன், விசாரித்தேன். அப்போது அறிந்ததையும், பின்னர் பேத்தி எனக்குக் கற்பித்ததையும் சேர்த்துத் தருகிறேன்.

அவுட்டோர் ஸ்கூல் என்பது என்ன?

பெயரைக் கேட்டு இதை விளையாட்டு முகாம் என்றோ சுற்றுலா என்றோ எண்ணிவிடக் கூடாது. பள்ளியின் அறிவியல் பாடத்தையே காட்டுக்கு எடுத்துச் சென்று நடத்துவது இது. பிள்ளைகள் அங்கேயே தங்கி, உண்டு, உறங்கிப் படிக்கிறார்கள்.

அமெரிக்காவில் இது புதிதன்று. மிச்சிகன் மாநிலத்தில் கிளியர் லேக் முகாம் 1940இல் தொடங்கி, ஆண்டு முழுவதும் பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்தது. கலிபோர்னியாவில் சான் டியாகோ பக்கம் குயமாக்கா முகாம் 1946இல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் திறக்கப்பட்டது. இன்று கலிபோர்னியாவில் உள்ள நம் மக்கள் "சயின்ஸ் கேம்ப்" என்று சொல்வது இந்த வழியில் வந்ததே. பிரிட்டனிலும் 1943இல் களப் படிப்புக்கென்றே ஒரு மன்றம் அமைத்தார்கள்.

ஒரேகனில் போர்ட்லாந்து அமைந்துள்ள மல்ட்னோமா கவுண்டியில் இத்திட்டம் 1966இல் தொடங்கியது. பெற்றோர் சிறுவயதில் போன முகாமுக்கே பிள்ளைகளும் போகிற அளவுக்கு ஊறிப்போன வழக்கம். பின்னர் பணமுடை வந்து, ஆறு நாள் மூன்று நாளாகக் குறைந்தது. பல மாவட்டங்களில் அதுவும் இல்லை. 2016 நவம்பரில் மக்கள் முன் வாக்கெடுப்புக்கு வந்தது, "மெஷர் 99". மாநில லாட்டரி வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 2 கோடியே 20 லட்சம் டாலர் வரை ஒதுக்கி, ஐந்து அல்லது ஆறாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வார வெளிப்புறப் படிப்பு தரவேண்டும் என்பதே கேள்வி. மக்கள் பெருவாரியாக "ஆம்" என்றார்கள். ஒரேகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவு அதை நிர்வகிக்கிறது. ஊரார் வாக்களித்துப் பணம் ஒதுக்கிய ஒரு பாடத்தை, ஒரு கையெழுத்துக்குத் தயங்கி நம் பிள்ளை இழக்கலாமா என்று அதைப் படித்தபோது யோசித்தேன்.

நான்கு பாடங்கள்

மண், நீர், தாவரம், விலங்கு. நாளுக்கு ஒன்றாக நான்கையும் களத்தில் படிக்கிறார்கள்.

மண் பாடத்தில் குழி தோண்டி அடுக்குகளைப் பார்க்கிறார்கள். மண்ணை ஈரமாக்கிக் கையில் பிசைந்து நாடா போல நீட்டுகிறார்கள். எவ்வளவு நீளம் அறுபடாமல் வருகிறதோ அவ்வளவு களிமண் அதில் இருக்கிறது. ரயில் கரைக்கு மண் தேர்ந்தெடுக்கும்போது நாங்கள் செய்ததும் இதே சோதனைதான். எனக்கு டிப்ளமா படிப்பில் வந்தது, பேத்திக்குப் பன்னிரண்டு வயதில் வந்துவிட்டது!

நீர்ப் பாடத்தில் ஓடையின் வெப்பம், புளிப்புத்தன்மை, கரைந்துள்ள ஆக்சிஜன் ஆகியவற்றை அளக்கிறார்கள். குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் தங்கும். அதனால்தான் அந்நாட்டுச் சால்மன் மீனுக்குக் குளிர்ந்த, நிழல் படிந்த ஓடை தேவை. கல்லைப் புரட்டி அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளின் இளம்பருவத்தை எண்ணுகிறார்கள். சில வகைப் பூச்சிகள் தூய நீரில் மட்டுமே வாழும். ஆகவே அவற்றின் எண்ணிக்கையே தண்ணீரின் தரத்துக்குச் சான்று.

தாவரப் பாடத்தில் இலையும் பட்டையும் பார்த்து மரத்தின் பெயரைத் தாமே கண்டுபிடிக்கிறார்கள். விலங்குப் பாடத்தில் பெரும்பாலும் விலங்கு கண்ணில் படுவதில்லை. கால்தடம், எச்சம், மண்டை ஓடு, ஆந்தை கக்கிய உருண்டைக்குள் இருக்கும் எலி எலும்பு ஆகியவற்றிலிருந்து என்ன நடந்தது என்று ஊகிக்கப் பழகுகிறார்கள்.

இவற்றைக் கற்பிப்பவர்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் உண்டு என்பது என்னைக் கவர்ந்தது. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் பயிற்சி பெற்று, சின்னப் பிள்ளைகளின் பொறுப்பை ஏற்கிறார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் மரக்கிளையை வட்டமாக அறுத்துச் செய்த பெயர் வில்லை தொங்கும். என் பேத்தியின் வில்லை இன்றும் அவள் படிப்பு மேசைக்கு மேல் தொங்குகிறது.

இரவு எதற்கு?

"இதையெல்லாம் பகலில் போய்ப் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்பினால் ஆகாதா?" என்று என் மருமகன் கேட்டார். நியாயமான கேள்வி. நம் பெற்றோரில் பத்துக்கு ஒன்பது பேர் இதைத்தான் கேட்பார்கள். இதற்கு நான் ரயில்வேக்காரனாகவே பதில் சொல்கிறேன்.

தண்டவாளத்தைப் பகல் இரண்டு மணிக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் பார்த்தால், அது ஒரே தண்டவாளம் அன்று. 13 மீட்டர் நீளமுள்ள தண்டவாளம் 40 டிகிரி வெப்ப வேறுபாட்டில் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும், சுருங்கும். ஒன்றோடொன்று பற்றவைத்த நீண்ட தண்டவாளம் சுருங்க இடமில்லாமல் இழுவிசை தாங்காமல் விரிசல் விடுவது குளிர்ந்த பின்னிரவில்தான். ஆகவேதான் குளிர்கால ரோந்து இரவில் வைத்தார்கள். பகலில் மட்டும் பாதையைப் பார்த்தவன் பாதி பாதையைத்தான் அறிவான்.

நான் பி.டபிள்யூ.ஐ. பயிற்சியில் சேர்ந்த புதிதில், மழைக்கால ரோந்தில் ஒரு வயதான கேங்மேனோடு நடந்தேன். கையில் பெரிய டார்ச்சை எரியவிட்டுக்கொண்டே போனேன். "லைட்டை அணைங்க சார், அப்பத்தான் வழி தெரியும்" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். அணைத்துவிட்டு அரை மணி நடந்தபின் ஜல்லி தெரிந்தது, பாலத்தின் கைப்பிடி தெரிந்தது, கீழே ஓடும் நீரின் பளபளப்பும் தெரிந்தது.

காரணம் அப்போது தெரியாது. நம் கண்ணின் திரையில் இருவகை உணரிகள் இருக்கின்றன. கூம்பு வடிவம் கொண்டவை பகலுக்கும் நிறத்துக்கும், குச்சி வடிவம் கொண்டவை மங்கிய ஒளிக்கும் உரியவை. குச்சிகள் முழுத் திறன் பெற 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை வெள்ளை வெளிச்சம் பட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிவப்பு வெளிச்சம் அவற்றை அதிகம் பாதிக்காது. இந்த விளக்கத்தை எனக்குச் சொன்னது புத்தகம் அன்று, முகாமுக்குப் போய்வந்த பேத்தி. இரவு நடையில் ஆளுக்கொரு வண்ணக் குச்சி கொடுத்து, அது என்ன நிறம் என்று அதனாலேயே காகிதத்தில் எழுதச் சொன்னார்களாம். பச்சையை நீலம் என்றும், சிவப்பைக் கறுப்பு என்றும் எழுதிவிட்டு, காலையில் பார்த்துச் சிரித்தார்களாம். கேங்மேன் நாற்பதாண்டுக்கு முன் எனக்குத் தந்த பாடத்தின் இரண்டாம் பாதி, கடல் கடந்து வந்தது.

எங்கள் பக்கத்திலேயே இன்னொரு சான்று உண்டு. ஜெர்டன் என்ற ராணுவ மருத்துவர் கண்டறிந்து, 1848இல் விவரிக்கப்பட்ட பறவை ஒன்று, ஜெர்டன் கோர்சர். தெலுங்கில் கலிவிக்கோடி. 1900க்குப் பிறகு அறிவியலார் யாரும் அதைப் பார்க்கவில்லை. அழிந்துவிட்டது என்றே நம்பினார்கள். 1986 ஜனவரியில் கடப்பை மாவட்டம் ரெட்டிபல்லி அருகே அது உயிரோடு கிடைத்தது. பிடித்துக் கொண்டுவந்தவர் ஓர் உள்ளூர் வேட்டைக்காரர், பிடித்தது இரவில். அந்தப் பறவை இரவில் நடமாடுவது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர்கள் ஊர் மக்களிடம் படத்தைக் காட்டி விசாரித்ததால்தான் செய்தி வெளிவந்தது. அதன் பிறகும் அதைக் கண்டவர் மிகச் சிலரே. 86 ஆண்டுகள் உலகம் "இல்லை" என்று சொன்ன பறவை, இருட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் உண்டு. அது அறிவியல் பாடத்தில் சேராது. அம்மாவும் அப்பாவும் இல்லாத முதல் இரவில் தன் போர்வையைத் தானே விரித்து, பயத்தைத் தானே அடக்கி, பக்கத்துப் படுக்கையில் அழும் தோழியைத் தேற்றிய பிள்ளை, மறுநாள் கொஞ்சம் வளர்ந்தே எழுகிறது. மாலையில் வீடு திரும்பும் சுற்றுலாவில் இது கிடைக்காது.

நம் பெற்றோர் கேட்க வேண்டியவை

விசாரிக்காமல் மறுப்பது தவறு என்றால், விசாரிக்காமல் ஒப்புவதும் தவறே. பள்ளியில் பெற்றோர் கூட்டம் வைப்பார்கள். தவறாமல் போய்க் கேளுங்கள். நான் மகளுக்கு எழுதிக்கொடுத்த பட்டியல் இது:

1. இரவில் ஒவ்வோர் அறையிலும் பொறுப்பாக இருப்பவர் யார்? அவர்களின் பின்னணி சரிபார்க்கப்பட்டதா? ஆண், பெண் தங்குமிடங்கள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன?

2. மருத்துவப் பொறுப்பாளர் முகாமிலேயே தங்குகிறாரா? ஆஸ்துமா, ஒவ்வாமை மருந்து யார் கையில் இருக்கும்? கை ஒடிந்தால் எந்த மருத்துவமனை, எவ்வளவு தொலைவு? (அங்கே புத்தூர் கட்டு கிடைக்காது!)

3. உணவு. "வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதினால் போதாது. முட்டை உண்டா இல்லையா, இறைச்சிச் சாறு கூடாதா என்று விளக்கி எழுதுங்கள். இரவு நெருப்பைச் சுற்றி அமர்ந்து மார்ஷ்மெல்லோ சுட்டுத் தின்பார்கள். பெரும்பாலான மார்ஷ்மெல்லோவில் விலங்கு எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு. வேண்டாம் என்றால் தாவர வகையை வாங்கிக் கொடுத்தனுப்பலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

4. உடை. ஒரேகன் மழையில் பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது. கம்பளிக் காலுறை, மழைக்கோட்டு வேண்டும். எல்லாம் புதிதாக வாங்க வேண்டியதில்லை. இரவல் தர ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

5. பெண் பிள்ளைகளுக்கு இது பருவமடையும் வயது. என் மகள் அதற்கு வேண்டியதை ஒரு சிறு பையில் வைத்து, பிள்ளையிடம் விளக்கிச் சொல்லி, பெண் ஆசிரியை ஒருவரிடமும் தெரிவித்துவிட்டாள். இதைக் காரணமாக வைத்துப் பிள்ளையை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை.

6. வீட்டு ஏக்கம் வந்தால் என்ன செய்வார்கள்? எப்போது பெற்றோரை அழைப்பார்கள்?

ஆறு கேள்விக்கும் மருமகன் விடை கேட்டு வந்தார். விடைகள் திருப்தியாக இருந்தன. அன்றிரவு மகள் கையெழுத்திட்டாள்.

ஊருக்கு வரும்போது

இந்தியாவில் 1991இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. பாடப்புத்தகம் வந்துவிட்டது, ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் இரவு வரவில்லை. ஆனாலும் நம் பக்கம் ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். பழைய சித்தூர் மாவட்டத்தில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலி உறைவிடப் பள்ளி, தன் பள்ளத்தாக்கை 1991இல் பறவைகள் காப்பிடமாக அறிவித்தது. பிள்ளைகள் பறவைகளோடே வளர்கிறார்கள். சென்னையில் கடலாமைகளுக்காக 1988இல் மாணவர்கள் தொடங்கிய அமைப்பு, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை முட்டைப் பருவத்தில் இரவெல்லாம் கடற்கரையில் நடந்து, பங்குனி ஆமை இட்ட முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை வார இறுதியில் பொதுமக்களும் உடன் நடக்கலாம். பொங்கலை ஒட்டி ஊருக்கு வருபவர்கள் பிள்ளைகளோடு ஓர் இரவு போய் வாருங்கள்.

போன கோடையில் மகளும் பேத்தியும் புத்தூர் வந்தார்கள். நகரி மலையும் கைலாசகோனை அருவியும் அருகில்தான். ஆனால் இரவில் காட்டுக்குள் போகும் யோசனையே கூடாது. செம்மரக் கடத்தலால் காவல் கடுமை. வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றம். மேலே எங்கோ பெய்த மழை ஓடையில் திடீரென்று இறங்கும். ஆகவே மலையடிவாரத்தில் நண்பர் ஒருவரின் மாந்தோப்பைக் கேட்டோம். காய்ப்புக் காலமாதலால் காவல்காரர் இருந்தார். கட்டுவிரியன் நடமாடும் பூமி. தரையில் படுக்காமல் கயிற்றுக் கட்டில், கொசுவலை, காலில் ஷூ.

பேத்திதான் ஆசிரியை. ஒன்பது மணிக்குப் பாறையில் ஒரு கை, மணலில் ஒரு கை வைக்கச் சொன்னாள். மணல் ஆறிவிட்டது, பாறை இன்னும் அனலாக இருந்தது. பிறகு பாகைமானியில் நூல் கட்டி, ஒரு நட்டைத் தொங்கவிட்டு வானத்தை அளந்தோம். துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் எத்தனை டிகிரியோ, அதுவே நாம் நிற்கும் ஊரின் அட்சரேகை. போர்ட்லாந்தில் அவள் வீட்டு வாசலில் 45 வந்ததாம். இங்கே எங்களுக்கு 14 வந்தது. புத்தூரின் அட்சரேகை சுமார் 13½. "பரவாயில்லை தாத்தா, அரை டிகிரிதான் தப்பு" என்றாள். தெற்கே, அவள் ஊரில் உச்சத்திலும் 18 டிகிரிக்கு மேல் ஏறாத கேட்டை நட்சத்திரம், இங்கே 50 டிகிரியில் சிவப்பாக நின்றது. அயலூருக்கும் சொந்த ஊருக்கும் உள்ள தூரத்தைப் பிள்ளை வானத்தில் அளந்து பார்த்துவிட்டது. ஒரு பாகைமானியும் நூலும் இருந்தால் உங்கள் பிள்ளையும் அளக்கலாம்.

பத்து மணிக்கு அவள், "இப்ப எல்லாரும் லைட்டை அணைங்க. அரை மணி யாரும் பேசக்கூடாது" என்றாள். அணைத்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மரங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. தொலைவில் ரேணிகுண்டா பக்கம் போகும் ஒரு கூட்ஸ் வண்டியின் ஓசை. எங்கோ ஓர் ஆந்தை. பக்கத்துக் கட்டிலில் மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

அரை மணி முடிந்ததும் கேட்டேன், "என்னம்மா, தூக்கம் வரலையா?"

"இல்லைப்பா. பாத்துட்டிருக்கேன்" என்றாள். சற்றுப் பொறுத்து, "அன்னைக்கு ரெண்டு ராத்திரிதான் கேட்டேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை.

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல இருந்த ஒரே பதிலை இந்தக் கட்டுரையாக எழுதிவிட்டேன். அன்புள்ள பெற்றோரே, உங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் அந்தப் படிவம் வரும். கேட்க வேண்டியதையெல்லாம் கேளுங்கள். விடை சரியாக இருந்தால், தயங்காமல் கையெழுத்திடுங்கள்.